ஐயா இருந்த சீமைகளில் பார்க்காமல் விட்ட மலையும் ஏரியும்: எங்கிருந்து தொடங்குவது?

பேரேடு (கானாடுகாத்தான்) · ஞாயிறு காலை 7.10

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் வீட்டில் இரண்டாம் கட்டுக்கு ஓடு மாற்ற ஆள் வந்திருந்தார்கள். சாமான் அறையை ஒழித்தபோது ஒரு தகரப்பெட்டி அகப்பட்டது. உள்ளே ஐயாவின் கணக்குப் புத்தகங்கள் பதினொன்று. ஐயா என்றால் என் அப்பச்சியை, அதாவது அப்பாவைப் பெற்றவர். சுமத்ராவில் மேடான் ஊர் வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக (எடுபிடியாக) போய், அடுத்தாளாகி (உதவியாளாகி), கடைசியில் மேலாளாக (கடையை நடத்துகிறவராக) இரண்டு கணக்குப் பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஒரு கணக்கு என்பது மூன்று வருஷம், இளையவர்களுக்காகச் சொல்கிறேன்.

தாள் மஞ்சளாகிவிட்டது, மை மங்கவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பிள்ளையார் சுழி, கீழே சிவமயம். வரவு, பற்று, வட்டி, கோயில் மகமை. அரைக் கில்டர் (அப்போதைய டச்சுக் காசு) இடித்தால்கூட மூன்று பக்கம் பின்னால் போய்த் தேடிப்பிடித்து நேர் செய்திருக்கிறார். ஒரு வாரம் உட்கார்ந்து வாசித்தேன். மேடானிலிருந்து நாலு மணி நேரத் தூரத்தில் தோபா ஏரி இருக்கிறது. உலகத்திலேயே பெரிய எரிமலை ஏரி. ஆறு வருஷப் புத்தகத்தைப் புரட்டியும் அதன் பேர் என் கண்ணில் படவில்லை. அத்தனை பக்கத்தில் இருந்தும் பார்க்காமலே கப்பலேறிவிட்டாரே என்று எனக்கு மனசு ஆறவில்லை.

எனக்கு 61 வயது, வீட்டில் அவர்களுக்கு 57. அவர்களுக்கு முழங்கால் வலி உண்டு. வருஷத்துக்கு ஓரிடமாவது போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். பர்மா, மலாயா, சுமத்ரா, சைகோன், இலங்கை என்று நகரத்தார்களான நம்மவர்கள் கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்யப் போன திசையில் தொடங்கி ஆசியா முழுக்க, மனிதக் கை கட்டாத பெரிய இடங்கள் எவை? மலை, குகை, ஏரி, பள்ளத்தாக்கு. கடைத்தெருவும் பெரிய கட்டடமும் எங்களுக்கு வேண்டாம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

புவியியல் வாத்தியார் (தேவகோட்டை) · ஞாயிறு காலை 9.35

தோபாவிலேயே தொடங்குங்கள் அண்ணே. முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவன் சொல்கிறேன், அதற்கு ஈடாக ஆசியாவில் இரண்டு மூன்று இடம்தான் தேறும்.

நீளம் சுமார் 100 கிலோமீட்டர், அகலம் 30. காரைக்குடியில் காலை நனைத்தால் திருச்சி தாண்டித்தான் மறுகரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆழம் 500 மீட்டருக்கு மேல். ஏறக்குறைய 74,000 வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு எரிமலை வெடித்தது. கடந்த இருபது லட்சம் வருஷத்தில் பூமி கண்ட மிகப் பெரிய வெடிப்புகளில் அது ஒன்று. அடியிலிருந்த குழம்பெல்லாம் வெளியே போனதும், தாங்க ஒன்றும் இல்லாமல் மேல்தரை அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. அந்தக் குழியில் மழைத்தண்ணீர் தேங்கியதுதான் ஏரி. பிறகு அடியில் மறுபடியும் குழம்பு ஊறி, ஏரியின் தரையையே மேலே தூக்கிவிட்டது. அதுதான் நடுவில் இருக்கும் சமோசிர் தீவு, கிட்டத்தட்ட சிங்கப்பூர் அளவு. இன்றைக்கு அந்தத் தீவின் மேட்டில் தோண்டினால் பழைய ஏரிச் சேறு கிடைக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சாம்பல் வங்கக்கடலைத் தாண்டி நம் பக்கம் வந்து விழுந்திருக்கிறது. ஆந்திராவில் நந்தியால் மாவட்டம் (முன்பு கர்நூல் மாவட்டம்) ஜுவாலாபுரத்தில் மண்ணுக்குள் வெள்ளைப் பட்டையாகக் கிடக்கிறது. பட்டைக்குக் கீழேயும் கல்லாயுதம், மேலேயும் கல்லாயுதம் எடுத்திருக்கிறார்கள். அந்தச் சாம்பல் மழை பெய்தபோதும் இங்கே மனிதர்கள் இருந்தார்கள், பிறகும் இருந்தார்கள் என்று அதை வைத்துத்தான் பேசுகிறார்கள். உங்கள் ஐயா சுமத்ராவுக்குப் போவதற்கு எவ்வளவோ முன்னாலேயே சுமத்ரா இங்கே வந்துவிட்டது அண்ணே.

பள்ளத்தூர் ஆச்சி · ஞாயிறு மதியம் 2.20

தம்பி, உங்கள் ஐயா பார்க்கவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். எங்கள் ஆயா, அதாவது பாட்டி, கப்பலையே பார்த்ததில்லை. ஐயா நாகப்பட்டணத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போய், அங்கிருந்து சைகோன் போவார். மூன்று வருஷம் கழித்து வருவார். ஆயா இங்கே வளவில் உட்கார்ந்து நெல்லு அவித்துக் காயவைத்துக்கொண்டு இருந்தார்கள். சைகோன் எப்படி இருக்கும் என்று கேட்டால், “வெள்ளித் தட்டு வந்துச்சு, பீங்கான் வந்துச்சு, ஊரு வரலை” என்பார்கள். அந்த வார்த்தை எனக்குள் கிடந்தது. அதனால்தான் 2019 நவம்பரில் நானும் என் ஓரகத்தியும் அவர்கள் மகளும் மூன்று பேராக வியட்நாம் போனோம். எனக்கு அப்போது 58.

ஹாலோங் விரிகுடாவில் ஒரு ராத்திரி படகிலேயே தங்கினோம். கடலுக்குள் ஆயிரத்து அறுநூறுக்கும் மேல் தீவும் பாறையும். விடியற்காலை ஐந்தரைக்குத் தூக்கம் கலைந்து மேல்தட்டுக்குப் போனேன். பனி மூட்டம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு பாறை தெரிந்தது, அதன் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒன்று. பெரிய கோயில் பிராகாரத்தில் தூண் தூணாகத் தெரியுமே, அந்த மாதிரி. ஒரு பெண் சின்னத் துடுப்புப் படகில் தனியாகப் போனாள். துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. நான் அழுதுவிட்டேன். ஆயாவை நினைத்துத்தான்.

சாப்பாட்டில் கவனமாக இருக்க வேண்டும். எங்களுக்கு ஏற்பாடு செய்தவர் சைவம் சொல்லிவிட்டேன் என்று சத்தியம் பண்ணினார். போனால் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கீரையில்கூட மீன் சாறு ஊற்றுவார்கள். “சாய்” என்று ஒரு சொல் இருக்கிறது, அவர்கள் பாஷையில் சைவம். அதை ஒரு சீட்டில் அவர்கள் எழுத்திலேயே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் வெறும் சோற்றில் பருப்புப் பொடி போட்டுச் சாப்பிட்டோம். சீட்டுக் காட்டிய பிறகு ராஜ உபசாரம்.

புவியியல் வாத்தியார் (தேவகோட்டை) · ஞாயிறு மாலை 4.05

ஆச்சி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். அவர்கள் பார்த்த பாறைக்கும் நம் வீட்டுச் சுவருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு.

ஹாலோங் பாறையெல்லாம் சுண்ணாம்புக்கல். சுமார் 30 கோடி வருஷத்துக்கு முன் கடலில் இருந்த உயிர்களின் ஓடும் கூடும் படிந்து இறுகியது. மழைத்தண்ணீர் காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான புளிப்போடு விழும். அது கோடிக்கணக்கான வருஷம் விழுந்து, வெடிப்பு வெடிப்பாகக் கல்லைக் கரைத்து, கரையாத மிச்சம் கோபுரமாக நின்றது. கடைசிப் பனியுகம் முடிந்து கடல் ஏறியபோது இடையில் தண்ணீர் புகுந்து, கோபுரமெல்லாம் தீவாகிவிட்டது.

நம் பழைய வீடுகளில் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்துக் கண்ணாடி மாதிரி இழைத்த பூச்சு இருக்கிறதே, அதுவும் கிளிஞ்சல் சுண்ணாம்பு, அதே பொருள். உடைந்து விழுந்த பூச்சுச் சில்லில் எலுமிச்சைச்சாறு ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், நுரைக்கும். புளிப்புப் பட்டுக் கல் கரைகிறது. ஹாலோங்கில் நுரைக்காமல் மெதுவாக நடந்ததும் அந்தக் கரைதல்தான். வகுப்பில் பையன்களுக்கு இதைச் செய்து காட்டியிருக்கிறேன். பத்துமலைக் குகையும் இதே கதை. தைப்பூசத்துக்கு அந்த 272 படி ஏறியவர்கள் சாமி கும்பிட்டுவிட்டு ஒரு நிமிஷம் நிமிர்ந்து கூரையைப் பார்க்க வேண்டும். அந்தக் கல்லுக்கு 40 கோடி வயது.

தேவகோட்டை ரஸ்தா · ஞாயிறு இரவு 8.50

ஒரு சின்னத் திருத்தம். சைகோனில் இருந்தவர்களுக்கு ஹாலோங் பக்கத்து ஊர் இல்லை. சைகோனிலிருந்து ஹனோய் ரயிலில் 1,726 கிலோமீட்டர், அதற்கப்புறம் ஹாலோங். அவர்கள் கண்ணில் பட்டிருக்கக்கூடியது மேகாங் ஆறு மட்டும்தான். அது மட்டும் சாதாரணமா, திபெத் பீடபூமியில் பிறந்து ஆறு நாட்டைத் தொட்டு வருகிறது.

வியட்நாம் போகிறவர்கள் நடுவில் ஃபோங் ஞா பக்கத்தை விடாதீர்கள். சோன் டூங் என்ற குகை அங்கேதான். கன அளவில் உலகத்திலேயே பெரியது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர் 1990 வாக்கில் காட்டுக்குள் மழைக்கு ஒதுங்கும்போது வாசலைப் பார்த்து, பிறகு இடம் தவறி, வெகுநாள் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தார். 2009-இல்தான் உள்ளே முறையாக அளந்தார்கள். சில இடத்தில் உயரம் 200 மீட்டர். கூரை இடிந்து விழுந்த இடத்தில் வெயில் இறங்கி, குகைக்குள்ளேயே ஒரு காடு வளர்ந்திருக்கிறது. வருஷத்துக்கு ஆயிரம் பேரைத்தான் விடுகிறார்கள், நாலு நாள் நடை, கயிறு பிடித்து ஏற வேண்டும், செலவும் லட்சக்கணக்கில். அண்ணனுக்கும் அண்ணிக்கும் அது வேண்டாம். பக்கத்திலேயே தியென் டுவோங் குகை இருக்கிறது. 31 கிலோமீட்டர் நீளத்தில் முதல் ஒரு கிலோமீட்டருக்கு மரப்பாலம் போட்டிருக்கிறார்கள். மெதுவாக நடக்கலாம். அந்த ஒரு கிலோமீட்டரே போதும்.

விசா வீட்டிலிருந்தபடியே கணினியில் எடுக்கலாம். ஹாலோங்குக்கு ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை போக வேண்டாம், புயல் காலம். 2025 ஜூலையில் திடீர்க் காற்றில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து பல குடும்பங்கள் போயின. அன்றைக்குப் படகு விடவில்லை என்று சொன்னால் சண்டை போடாமல் திரும்பிவிடுங்கள்.

பிரான்மலை ஏறி (சிங்கம்புணரி) · திங்கள் அதிகாலை 12.40

வணக்கம்ணே. நான் கோலாலம்பூர்ல வேலை பாக்குறேன், வயசு 29. போன வருஷம் கினபாலு ஏறினேன். சபா மாநிலத்துல இருக்கு, 4,095 மீட்டர். ஊருக்கு லீவுல வந்தப்ப மூணு மாசம் ஞாயித்துக்கிழமை தவறாம பிரான்மலை ஏறித்தான் காலைப் பழக்கினேன். பாரியோட பறம்புமலைன்னு சின்ன வயசுல படிச்சது. அதுதான் எனக்கு மலைன்னா என்னன்னு சொல்லிக் கொடுத்துச்சு.

கினபாலுவுல முதல் நாள் 1,866 மீட்டர்ல இருக்குற வாசல்ல தொடங்கி, 3,270 மீட்டர் கிட்ட உள்ள தங்குமிடம் வரைக்கும். ஆறு கிலோமீட்டர் முழுக்கப் படிதான். கீழ பெரிய மழைக்காடு. ஏற ஏற மரம் குட்டையாகிப் பாசி புடிச்சு முறுக்கிக்கிட்டு நிக்கும். பூச்சி தின்னுற குடுவைச் செடி ஓரத்துல தொங்கும். ரெண்டாம் நாள் ராத்திரி ரெண்டரைக்கு எழுப்பி விடுவாங்க. அதுக்கு மேல மரம் கிடையாது, வெறும் கருங்கல்லு. வெள்ளைக் கயிறு ஒண்ணு கல்லோட ஓடும், தலை விளக்கு வெளிச்சத்துல அதை மட்டும் பாத்துக்கிட்டே போகணும். குளிர் எலும்புல ஏறும். கையுறை நனைஞ்சு போச்சு, விரல் மடங்கல. உச்சியில சூரியன் வந்தப்ப மலையோட நிழல் முக்கோணமா மேகத்து மேல கெடந்துச்சு. என்னோட வந்த வழிகாட்டி டூசுன் இனத்தவர். செத்துப்போன முன்னோருங்க அங்கதான் தங்குறாங்கன்னு அவங்க நம்பிக்கை. மேல போனதும் அவர் தொப்பியைக் கழட்டிட்டு நின்னாரு. நானும் நின்னேன்.

அண்ணிக்கு முழங்கால் வலின்னா மலை ஏற வேணாம். குண்டசாங் ஊர்ல தங்கினா சன்னல்லயே மலை நிக்கும். காலையில ஒன்பதுக்குள்ள பாத்துரணும், அப்புறம் மேகம் மூடிரும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 2026 முடியிற வரைக்கும் மலேசியாவுல 30 நாள் விசா கேக்கறதில்ல. திருச்சியிலேர்ந்து கோலாலம்பூர் நேரா விமானம் இருக்கு, அங்கேர்ந்து கோத்தா கினபாலு ரெண்டரை மணி நேரம். கோலாலம்பூர்ல எறங்கினா என் வீட்டுக்கு வந்துட்டுத்தான் போகணும் நீங்க.

ஊருணிக்கரை (புதுவயல்) · திங்கள் காலை 6.30

எல்லாம் சரி. கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை இங்கே எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? கொள்ளுகுடிப்பட்டியில் பறவை பயந்துவிடும் என்று தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. ஊர்ப் பிள்ளைகள் மத்தாப்பு மட்டும் கொளுத்துகிறார்கள். கண்மாய்க்குள் மரமெல்லாம் நத்தைகுத்தி நாரையும் வக்காவும். காரைக்குடியிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. பக்கத்தில் இருந்ததை ஐயா பார்க்கவில்லை என்று எழுதுகிறோம். நம் பக்கத்தில் இருப்பதை நாம் பார்த்தோமா?

பேரேடு (கானாடுகாத்தான்) · திங்கள் காலை 8.15

ஊருணிக்கரைத் தம்பி, கோபம் ஏன் வரப்போகிறது? நியாயமான கேள்வி. 61 வயது வரை நான் வேட்டங்குடி போனதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு பேரும் போகிறோம். தம்பி கூட வந்தால் சந்தோஷம். ஆனால் அதைப் பார்த்த பிறகும் தோபா ஆசை குறையாது என்றே நினைக்கிறேன்.

புவியியல் வாத்தியார் (தேவகோட்டை) · திங்கள் காலை 8.50

குறைய வேண்டியதில்லை. நெல்லைப் பக்கம் கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரும் பட்டைத்தலை வாத்து மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரித்து, இமயமலைக்கு மேலே பறந்து இங்கே வருகிறது. கண்மாயில் நின்று அதைப் பார்க்கிறவனுக்கு அது தாண்டி வந்த மலையையும் பார்க்கத் தோன்றும்.

ரங்கூன் பேரன் (கோட்டையூர்) · திங்கள் மதியம் 1.30

பர்மாவைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன். ஐராவதி முகத்துவாரத்து நெல் வயலில்தான் நம் சனத்தின் பணம் கிடந்தது. 1930-களில் நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் நாலில் ஒரு பங்கு நம்மவர் கைக்கு வந்துசேர்ந்தது. அந்த மக்களுக்கு அது எவ்வளவு பெரிய வேதனை என்பதையும் நாம் மறக்கக் கூடாது. 1942-இல் சப்பான்காரன் வந்தபோது எங்கள் பெரிய ஐயா மலையும் காடும் நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். கூடக் கிளம்பியவர்களில் பாதிப் பேர் வரவில்லை. அந்த மலைகளைப் பற்றி அவர் வாய் திறந்து பேசியதே இல்லை. அவர் பார்த்த இயற்கை அது.

நான் 2018-இல் போனேன். பகானிலிருந்து போப்பா மலைக்குக் காரில் ஒன்றரை மணி நேரம். போப்பா அடங்கிக் கிடக்கும் எரிமலை, 1,518 மீட்டர். அதன் பக்கத்தில் தௌங் கலாட் என்று ஒரு குத்துப்பாறை. பழைய எரிமலையின் தொண்டைக்குள் இறுகிப்போன குழம்பு. சுற்றியிருந்த மண் கரைந்து போக, அது மட்டும் நட்டுக்குத்தலாக நிற்கிறது. 777 படி. வழியெல்லாம் குரங்கு. உச்சியில் கோயில். இன்லே ஏரியில் ஒற்றைக் காலால் துடுப்பைச் சுற்றிக்கொண்டு வலை போடுகிறவர்களையும் பார்த்தேன்.

இப்போது போகச் சொல்ல மாட்டேன். 2021-க்குப் பிறகு அங்கே நடப்பது உள்நாட்டுச் சண்டை. 2025 மார்ச் 28-ஆம் தேதி 7.7 அளவில் நிலநடுக்கம் வேறு மாண்டலே பக்கத்தை இடித்துப் போட்டது. நிலைமை தெளியட்டும். எங்கள் வீட்டு முகப்பில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூணைத் தொடும்போதெல்லாம் அந்தக் காடு ஞாபகம் வருகிறது.

அரியக்குடி வாசல் · திங்கள் இரவு 9.15

நான் தெற்கே போனதில்லை, வடக்கே போயிருக்கிறேன். நேபாளத்தில் முக்திநாத். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்ற திருத்தலம் அதுதான். கோயிலுக்கென்று போனவன், ஆற்றைப் பார்த்து நின்றுவிட்டேன்.

காளிகண்டகி ஆறு தவளகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் நடுவே போகிறது. ஒரு பக்கம் 8,167 மீட்டர், மறுபக்கம் 8,091. நடுவில் ஆறு இரண்டாயிரத்து ஐந்நூறு மீட்டர் மட்டத்தில் ஓடுகிறது. உலகத்தின் மிக ஆழமான பள்ளத்தாக்குகளில் ஒன்று. ஆற்றங்கரையில் கூழாங்கல் பரப்பு ஒரு மைல் அகலத்துக்குக் கிடந்தது. எங்கள் ஜீப் ஓட்டுநர் ஒரு கருப்பு உருண்டைக் கல்லை எடுத்துக் கையில் கொடுத்தார். இரண்டாகப் பிளந்திருந்தது. உள்ளே சக்கரம், வரி வரியாக, விரல் நகத்தால் எண்ணலாம் போல. எங்கள் வீட்டுப் பூசைப் பெட்டியில் பாட்டி காலத்திலிருந்து இருக்கும் சாளக்கிராமக் கல்லில் உள்ள அதே சக்கரம். அது பதினைந்து கோடி வருஷத்துக்கு முன் கடலில் வாழ்ந்த ஒரு நத்தை மாதிரியான உயிரின் கூடு என்று அவர் சொன்னார். இமயமலை எழும்பும் முன் அங்கே டெத்திஸ் கடல் இருந்ததாம். எனக்குப் பக்தி ஒரு பொட்டும் குறையவில்லை. பெருமாள் கடலில் பள்ளிகொண்டவர், அவர் அடையாளம் கடலிலிருந்து வந்திருக்கிறது.

ஜோம்சோமில் ஒரு இரவு தங்கித்தான் மேலே போக வேண்டும். கோயில் 3,700 மீட்டருக்கு மேல், மூச்சு வாங்கும். காலை பத்துப் பதினொன்றுக்கு மேல் பள்ளத்தாக்கில் மணலை அள்ளி முகத்தில் அடிக்கும் காற்று. பொக்காராவிலிருந்து விமானமும் காலையில் மட்டும்தான்.

தேவகோட்டை ரஸ்தா · திங்கள் இரவு 10.05

வடக்கே இன்னும் போவதென்றால் பைக்கால். அக்கா மகன் ரஷ்யாவில் டாக்டருக்குப் படித்தபோது பிப்ரவரியில் போய்ப் படம் அனுப்பினான். 1,642 மீட்டர் ஆழம், உலகத்திலேயே ஆழமான ஏரி. பூமியின் மேற்பரப்பில் உறையாமல் இருக்கும் நன்னீரில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அந்த ஒரே ஏரியில். குளிர்காலத்தில் மேல்பக்கம் உறைந்து அதன் மேல் வண்டி ஓடுகிறது. பனிக்கட்டி கண்ணாடி மாதிரி, உள்ளே வெள்ளைக் குமிழ் அடுக்கடுக்காக. மழைத்தண்ணீர் ஒரு சொட்டு வீணாகாமல் முற்றத்திலிருந்து ஊருணிக்கு வாய்க்கால் வெட்டிய ஊர்க்காரன், அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பள்ளத்தூர் ஆச்சி · செவ்வாய் காலை 10.30

பேரேடு தம்பிக்கு ஒரு கேள்வி. கடைக் கணக்கை மட்டும் பார்த்தீர்களா, ஐயாவின் கைச்செலவுக் கணக்கு தனியாக இருக்கிறதா? எங்கள் ஐயா இரண்டும் தனித்தனியாக வைப்பார். கடைப் பணத்தில் ஊர் பார்த்தான் என்று பேர் வந்துவிடக் கூடாதென்று, சொந்த ஆசைக்குச் செலவழித்ததைச் சின்ன நோட்டில் எழுதுவார். ஆயாவுக்கு வளையல் வாங்கியது, படம் பார்த்தது எல்லாம் அதில்தான் இருந்தது. பெட்டியின் அடியில் நீளமாக, கை அகலத்தில் ஒன்று கிடக்கிறதா பாருங்கள்.

பேரேடு (கானாடுகாத்தான்) · செவ்வாய் மாலை 6.45

ஆச்சி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பெட்டியின் அடியில் விரித்திருந்த துணிக்குக் கீழே இருந்தது. கை அகல நோட்டு. கரப்பான் அரித்த ஓரம். மதியம் சாப்பிட்டு உட்கார்ந்தவன் இப்போதுதான் எழுந்தேன்.

ஈசுர ௵ ஆவணி ௴ ௰௨ ௳ என்று இருக்கிறது, அதாவது ஈசுர வருஷம் ஆவணி மாதம் 12-ஆம் தேதி. 1937 ஆகஸ்டு கடைசி. கீழே ஐயா கையெழுத்தில்: “பராபட் போய் ஏரி பார்த்து வந்த வகையில் கார் வாடகை என் பங்கு.” பராபட் தோபா ஏரிக்கரையில் இருக்கும் ஊர். அடுத்த வரி: “படகுக்கு.” அதற்கும் அடுத்த வரி: “கம்பளி ஒன்று, குளிர்.” அவ்வளவுதான். பார்த்தது எப்படி இருந்தது என்று ஒன்றும் இல்லை. ஆனால் நோட்டில் வேறெங்கும் இல்லாத ஒன்று அந்தப் பக்கத்தில் இருக்கிறது. தொகை எழுதிய பத்திக்குப் பக்கத்தில் பென்சிலால் மலை மாதிரி ஒரு கோடு, அதற்குக் கீழே நீளமாக ஒரு கோடு. கரையாக இருக்கலாம், தண்ணீராக இருக்கலாம். நான் சொல்லியிருந்தது தப்பு. ஐயா பார்த்திருக்கிறார். தன் காசில் போய்ப் பார்த்திருக்கிறார்.

வீட்டில் அவர்களிடம் காட்டினேன். “டிக்கெட் போடுங்க” என்றார்கள்.

பிரான்மலை ஏறி (சிங்கம்புணரி) · செவ்வாய் இரவு 9.00

அண்ணே, ஆபீஸ்ல உக்காந்து படிச்சிட்டு கண்ணு கலங்கிருச்சு.

தோபாவுக்கு வழி சொல்றேன். திருச்சி, கோலாலம்பூர், அங்கேர்ந்து மேடான் ஒரு மணி நேரப் பறப்பு. இந்தோனேசியாவுல இறங்கின இடத்துலயே விசா, 30 நாளைக்கு, அவங்க காசுல அஞ்சு லட்சம் ரூபியா. மேடான்ல கம்போங் மெட்ராஸ் பக்கம் 1884-ல கட்டுன மாரியம்மன் கோயில் இருக்கு, காலையில கும்பிட்டுட்டுக் கிளம்பலாம். போற வழியில சிபிசோபிசோ அருவி, 120 மீட்டர் ஒரே வீழ்ச்சி. அண்ணி கீழ இறங்க வேணாம், மேல இருந்தே ஏரியும் அருவியும் சேந்து தெரியும். பராபட்லேர்ந்து சமோசிருக்குப் படகு. 2018 ஜூன்ல ஆளை அளவுக்கு மேல ஏத்தின படகு ஒண்ணு அந்த ஏரியில மூழ்கி நூத்துக்கு மேல உசிரு போச்சு. அதனால நெரிசலா இருந்தா அடுத்த படகுக்கு நில்லுங்க, மிதவைச் சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்குங்க. சமோசிர்ல மூணு ராத்திரியாவது தங்குங்க. ஜூன்லேர்ந்து ஆகஸ்டு வரைக்கும் மழை கம்மி.

பள்ளத்தூர் ஆச்சி · செவ்வாய் இரவு 9.40

தம்பி, ஊறுகாய்ப் பாட்டிலைக் கைப்பையில் வைக்காதீர்கள், விமானத்தில் பிடுங்கிவிடுவார்கள். பெரிய பெட்டியில், துணிக்கு நடுவில், இரண்டு பை போட்டுச் சுற்றி. பருப்புப் பொடி நான் இடித்துத் தருகிறேன். கம்பளி மறக்க வேண்டாம். ஐயாவே எழுதி வைத்திருக்கிறார்.

பேரேடு (சமோசிரிலிருந்து) · ஆகஸ்டு, வியாழன் காலை 6.20

இங்கே தொடர்பு விட்டு விட்டு வருகிறது, அதனால் சுருக்கமாக.

நேற்று சாயந்தரம் படகில் வந்தோம். நடு ஏரியில் படகுக்காரர் எஞ்சினை நிறுத்தினார். சுற்றிலும் மலைச்சுவர், ஒரே உயரத்துக்கு, வெட்டி வைத்தது மாதிரி. நாம் நிற்பது ஒரு பெரிய வாய்க்குள் என்பது அப்போதுதான் உறைத்தது. வாத்தியாரையா சொன்னது முழுக்க மண்டையில் ஓடியது. தண்ணீர் கருநீலம். கையை விட்டால் சில்லென்று இருந்தது. வீட்டில் அவர்கள் பத்து நிமிஷம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐயாவின் நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். இன்று விடிந்ததும் கரையில் நின்று அந்தப் பென்சில் கோட்டை எதிரே பிடித்துப் பார்த்தேன். இடது ஓரம் சரிந்து, நடுவில் ஒரு திமில், பிறகு நீளமாக ஒரு மட்டம். எதிர்ச் சுவரில் திமில் இருக்கிறது. ஆனால் நான் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் அது வலது பக்கம் வருகிறது. அவர் எதிர்க்கரையிலிருந்து, பராபட் பக்கம் நின்று வரைந்திருக்க வேண்டும். நாளைக்குத் திரும்பும்போது அங்கே இறங்கி நின்று பார்க்கிறோம். படம் எடுத்துப் போடுகிறேன்.